சாம்பல் மறித்த ஆகாயம்: 2010 ஏப்ரலில் ஐரோப்பா



கோடை வந்தால் இப்போதெல்லாம் நம் பிள்ளைகள் பாதிப் பேர் ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம் என்று படங்கள் வரும்போது எனக்கும் சந்தோஷம்தான். கூடவே இன்னொன்றும் வருகிறது. "விமானம் ரத்து, பத்து மணி நேரமாக உட்கார வைத்திருக்கிறார்கள், யாரும் பதில் சொல்லவில்லை" என்ற புலம்பல். போன வாரம் குடும்பக் குழுவில் ஒரு பிள்ளை, "வானம் தெளிவாகத்தானே இருக்கிறது, எதற்கு நிறுத்துகிறார்கள்?" என்று கேட்டிருந்தது. நல்ல கேள்வி. இதே கேள்வியை ஒரு காலத்தில் ஒரு கோடிப் பேர் ஒரே வாரத்தில் கேட்டார்கள். அந்தக் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

2010 ஏப்ரல் 14, புதன்கிழமை. நம் ஊரில் சித்திரை முதல் நாள். அன்று அதிகாலையில் ஐஸ்லாந்தின் தென்பகுதியில், பனிப்பாறைக்கு அடியில் இருந்த ஓர் எரிமலை வெடித்தது. அதன் பெயர் எயாஃபியாட்லாயோகுட்ல். பயப்படாதீர்கள், இதை நான் தேர்வில் கேட்கப் போவதில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் 16 எழுத்து. உலகத் தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் எல்லாரும் நாக்கு புரளாமல் தவித்த பெயர். பிரித்துப் பார்த்தால் எளிது. 'எயா' என்றால் தீவு, 'ஃபியாட்லா' என்றால் மலை, 'யோகுட்ல்' என்றால் பனியாறு. தீவுகளின் மலைப் பனியாறு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். உயரம் 1,651 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிடக் குட்டையான மலை.

இந்த மலை திடீரென்று வெடிக்கவில்லை. மார்ச் 20 அன்றே பக்கத்துச் சரிவில் நெருப்புக் குழம்பு கசியத் தொடங்கிவிட்டது. அதைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஏப்ரல் 14 அன்று வெடித்தது வேறு இடம், மலையின் உச்சி. அதன் மேல் சுமார் 200 மீட்டர் தடிமனில் பனி. நெருப்பும் பனியும் சந்தித்தால் என்ன ஆகும்? காய்ந்த இரும்புச் சட்டியில் தண்ணீர் தெளித்தால் எப்படிச் சீறும், அதைப் பல கோடி மடங்காகப் பெருக்கிக்கொள்ளுங்கள். குழம்பு சட்டென்று குளிர்ந்து, நொறுங்கி, மாவு போன்ற தூளாக மாறியது. நீராவி அந்தத் தூளைத் தூக்கிக்கொண்டு சுமார் 9 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனது. பெரிய விமானங்கள் பறக்கிற உயரம் அது.

உருகிய பனி வெள்ளமாக இறங்கியது. சுமார் 800 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். ஆற்றுப் பாலத்தைக் காப்பாற்ற, நெடுஞ்சாலையையே இயந்திரம் வைத்து வெட்டி வெள்ளத்துக்கு வழி விட்டார்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். சாலையை மறுபடி போடலாம், பாலம் கட்ட நாளாகும் என்ற கணக்கு. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

அந்த வாரம் காற்று வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, நேரே ஐரோப்பாவை நோக்கி வீசியது. காற்றின் போக்கும் சீக்கிரம் மாறவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எரிமலை இருக்கிற ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக் விமான நிலையம் முதல் சில நாள் திறந்தே இருந்தது. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருந்த லண்டன் மூடிக்கிடந்தது!

ஏப்ரல் 15 அன்று பிரிட்டன் தன் வான்வெளியை மூடியது. அடுத்தடுத்து நார்வே, டென்மார்க், பெல்ஜியம், நெதர்லாந்து, பிரான்ஸின் வடபகுதி, ஜெர்மனி, போலந்து என்று கதவுகள் சாத்தப்பட்டன. ஏப்ரல் 18 ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாகச் சுமார் 24,000 விமானங்கள் பறக்கும் ஐரோப்பிய வானில் பறந்தவை ஏறத்தாழ 5,000 மட்டுமே. மொத்தத்தில் ஏறக்குறைய 1 லட்சம் விமானப் பயணங்கள் ரத்தாயின. பாதிக்கப்பட்ட பயணிகள் சுமார் 1 கோடி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பிய வானம் இப்படி அடைபட்டதில்லை.

யார் யார் மாட்டினார்கள் தெரியுமா? ஜெர்மனியின் பிரதமர் ஆங்கெலா மெர்கல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். பெர்லினில் இறங்க முடியாமல் போர்ச்சுகலின் லிஸ்பனில் இறங்கினார். அங்கிருந்து ரோம். ரோமிலிருந்து சாலை வழியாகப் பெர்லின். நார்வே பிரதமர் யென்ஸ் ஸ்டோல்டன்பெர்க் நியூயார்க்கில் அகப்பட்டுக்கொண்டு, அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த ஐபேடை வைத்து அரசாங்க வேலை பார்த்தார். அதற்குச் சில நாள் முன்புதான் போலந்து அதிபர் லெக் கச்சின்ஸ்கி விமான விபத்தில் இறந்திருந்தார். ஏப்ரல் 18 அன்று கிராகோவ் நகரில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஒபாமா உட்படப் பல தலைவர்களால் போக முடியவில்லை.

பிரிட்டனின் நகைச்சுவை நடிகர் ஜான் கிளீஸ், ஆஸ்லோவிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வரை சுமார் 1,500 கிலோமீட்டர் வாடகைக் காரில் போனார். ஆன செலவு ஏறக்குறைய 3,000 பவுண்டு. பார்சிலோனா கால்பந்து அணி, மிலனில் நடக்க இருந்த சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்குப் பேருந்தில் போனது. மெஸ்ஸி உட்பட எல்லாரும் பேருந்தில்தான். 1-க்கு 3 என்று தோற்றார்கள். பயணக் களைப்பா, எதிரணியின் ஆட்டமா என்று இன்றைக்கும் விவாதம் நடக்கிறது.

அது ஈஸ்டர் விடுமுறை முடிகிற நேரம். பிரிட்டனில் ஏப்ரல் 19 அன்று பள்ளிகள் திறந்தபோது, பல வகுப்புகளில் மாணவர்கள் இல்லை. சில வகுப்புகளில் ஆசிரியர்களே இல்லை! விடுமுறைக்குப் போன இடத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள். நம் பள்ளியில் இப்படி ஒன்று நடந்திருந்தால் உங்களில் சிலர் அந்த எரிமலைக்குச் சூடம் ஏற்றிக் கும்பிட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பிரிட்டிஷ் அரசு தன் போர்க்கப்பலையே அனுப்பியது. எச்.எம்.எஸ். ஆல்பியன் என்ற கப்பல் ஸ்பெயினின் சான்டான்டர் துறைமுகத்துக்குப் போய், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய படைவீரர்களையும் தவித்து நின்ற பொதுமக்களையும் ஏற்றி வந்தது.

இவை சுவையான செய்திகள். ஒரு கசப்பான செய்தியும் உண்டு. கென்யாவில் ரோஜாவும் பச்சைக் காய்கறியும் ஐரோப்பிய சந்தைக்காகவே விளைகின்றன. இரவு பறித்து மறுநாள் ஆம்ஸ்டர்டாமிலோ லண்டனிலோ இறங்க வேண்டிய சரக்கு. விமானம் நின்றதும் நைரோபி கிடங்குகளில் பூக்கள் மலைபோல் குவிந்து அழுகின, மாட்டுக்குத் தீவனமாயின. பண்ணைகளில் கூலிக்குப் பூப் பறித்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த நாட்களில் வேலை இல்லை. விமானத்தில் ஒருநாளும் ஏறியிராத அந்த ஏழைப் பெண்களும் இந்த விமான நிறுத்தத்தில் பாதிக்கப்பட்டவர்கள்தான். நான் சொன்ன 1 கோடிக் கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள்.

சரி, பிள்ளை கேட்ட கேள்விக்கு வருவோம். கொஞ்சம் சாம்பலுக்கு ஏன் இத்தனை பயம்?

சாம்பல் என்றதும் நம் வீட்டு அடுப்புச் சாம்பலை நினைக்காதீர்கள். அது பாத்திரம் தேய்க்கிற மெல்லிய தூள். எரிமலைச் சாம்பல் என்பது பொடித்த பாறையும் கண்ணாடியும். பட்டம் விடுகிற மாஞ்சா நூலில் கண்ணாடித் தூள் தடவுவார்களே, அந்த ஜாதி. விமானத்தின் முன் கண்ணாடியை அது உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். அதைவிட ஆபத்து எஞ்சினுக்குள். இந்தத் தூள் சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். ஓடுகிற ஜெட் எஞ்சினின் உள்ளே வெப்பம் அதற்கும் மேல். ஆக, உள்ளே போன தூள் பாகாக உருகி, சற்றுப் பின்னால் இருக்கிற சுழல் தகடுகளில் போய் ஒட்டி இறுகிவிடும். வெல்லப்பாகு ஆறிக் கமர்கட்டாக இறுகுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். காற்றுப் போகிற வழி அடைபட்டால் எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிடும். இதில் இன்னொரு சங்கடம், விமானத்தில் இருக்கிற வானிலை ரேடார் மழைத்துளியைத்தான் காட்டும். காய்ந்த சாம்பல் அதன் கண்ணில் படாது.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. 1982 ஜூன் 24 அன்று நடந்ததைக் கேளுங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று லண்டனிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் போனது. வழியில் பம்பாய், நம் மெட்ராஸ், கோலாலம்பூர், பெர்த், மெல்போர்ன் என்று நிறுத்தங்கள். ஆமாம், மீனம்பாக்கத்தில் இறங்கி ஏறிய விமானம்தான் அது. கோலாலம்பூரில் விமானி மாறினார். புதிதாகப் பொறுப்பேற்றவர் கேப்டன் எரிக் மூடி. 263 பேருடன் இரவில் ஜாவா தீவுக்குத் தெற்கே 37,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது, முன் கண்ணாடியில் மின்மினி போல ஒளிப்பொறிகள் ஓடின. பயணிகள் இருக்கையில் புகை வாடை. பிறகு ஒவ்வொன்றாக நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன. கலுங்குங் என்ற எரிமலை கக்கிய சாம்பலுக்குள் அவர்கள் நுழைந்திருந்தார்கள். அது அவர்களுக்குத் தெரியாது.

கேப்டன் ஒலிபெருக்கியில் பயணிகளிடம் நிதானமாகப் பேசினார். நமக்கு ஒரு சின்னச் சிக்கல், நான்கு எஞ்சினும் நின்றுவிட்டன, ஓட வைக்க எங்களால் ஆனதையெல்லாம் செய்கிறோம், நீங்கள் அதிகம் கவலைப்படாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்ற பொருளில் அவர் சொன்னது விமான வரலாற்றில் நிலைத்துவிட்டது. விமானம் பருந்துபோல் மிதந்தபடியே இறங்கிக்கொண்டிருந்தது. சுமார் 13,000 அடிக்கு வந்தபோது ஓர் எஞ்சின் உயிர் பெற்றது. பிறகு மற்றவையும். சாம்பலுக்கு வெளியே வந்ததும், நின்றுபோன எஞ்சின் குளிர்ந்து, ஒட்டியிருந்த கண்ணாடி உடைந்து உதிர்ந்ததுதான் காரணம். மறுபடி ஓர் எஞ்சினை நிறுத்த வேண்டி வந்தது. முன் கண்ணாடி தேய்ந்து பாலாடை போல மங்கிவிட்டது. ஓரத்தில் மிஞ்சியிருந்த சிறு கீற்று வழியாகப் பார்த்தே ஜகார்த்தாவில் இறக்கினார்கள். 263 பேரும் பிழைத்தார்கள். எரிக் மூடி 2024-இல் காலமானார்.

1989 டிசம்பர் 15 அன்று இன்னொன்று. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கிளம்பிய கே.எல்.எம். நிறுவனத்தின் புத்தம்புதிய 747, அலாஸ்காவில் ரிடவுட் எரிமலையின் சாம்பலுக்குள் போனது. நான்கு எஞ்சினும் நின்றன. 245 பேருடன் 14,000 அடிக்குமேல் கீழே இறங்கிய பிறகுதான் எஞ்சின்கள் ஓடின. எல்லாரும் தப்பினார்கள். விமானத்துக்கு ஆன சேதம் சுமார் 8 கோடி டாலர்.

இரண்டு முறையும் உயிர்கள் நூலிழையில் தப்பின. அதன் பிறகுதான் உலகம் விழித்தது. எரிமலைச் சாம்பலைக் கண்காணிக்க ஒன்பது மையங்கள் அமைந்தன. லண்டன், துலூஸ், டோக்கியோ, டார்வின், ஆங்கரேஜ் போன்றவை அவற்றில் சில. சாம்பல் எங்கே இருக்கிறதோ அங்கே பறக்காதே என்பதே விதி. எவ்வளவு சாம்பல் என்ற அளவு விதியில் இல்லை.

அந்த விதிதான் 2010-இல் சோதனைக்கு வந்தது. பசிபிக் கடலுக்கு மேலே சாம்பல் இருந்தால் சுற்றிக்கொண்டு போகலாம். உலகிலேயே நெருக்கடியான ஐரோப்பிய வானத்தில் சாம்பல் பரவினால் எந்தப் பக்கம் சுற்றுவது? விமான நிறுவனங்கள் நாளுக்கு 20 கோடி டாலர் போகிறது என்று கூச்சலிட்டன. ஆறு நாளில் மொத்த நட்டம் சுமார் 170 கோடி டாலர் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் மதிப்பீடு. சில நிறுவனங்கள் பயணிகள் இல்லாமல் சோதனை விமானங்களைப் பறக்கவிட்டு, ஒன்றும் ஆகவில்லை பாருங்கள் என்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸின் தலைவர் வில்லி வால்ஷ் தானே ஒரு சோதனை விமானத்தில் ஏறிப் பறந்தார். மறுபக்கம், ஏப்ரல் 15 அன்று காலையில் பறந்துவிட்டு வந்த ஃபின்லாந்து விமானப்படையின் ஹார்னெட் போர் விமான எஞ்சின்களில் உருகிய சாம்பல் இருந்ததை அந்தப் படையே படத்துடன் வெளியிட்டது.

முடிவெடுக்க வேண்டியவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். திறந்துவிட்டு ஒரு விமானம் விழுந்தால் நூற்றுக்கணக்கான உயிர். மூடி வைத்து ஒன்றும் நடக்கவில்லை என்றால், "வீணாக மூடினார்கள்" என்ற ஏச்சு. நடக்காத விபத்துக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். எஞ்சின் தயாரிப்பாளர்கள், விஞ்ஞானிகள், அதிகாரிகள் எல்லாரும் பல நாள் பேசி, ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் வரை சாம்பல் இருந்தால் பறக்கலாம் என்று வரையறுத்தார்கள். ஏப்ரல் 20 இரவு பிரிட்டிஷ் வானம் திறந்தது. மே மாதத்தில் தகுந்த ஏற்பாடுகளுடன் 4 மில்லிகிராம் வரை அனுமதித்தார்கள்.

மூடியது சரியா தவறா என்ற சண்டை அத்துடன் முடியவில்லை. 2011-இல் ஐஸ்லாந்து, கோபன்ஹேகன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அந்தச் சாம்பலை ஆராய்ந்து, முதல் நாட்களின் தூள் மிக நுண்ணியது, கூர்மையானது, விமானத்துக்கு உண்மையிலேயே ஆபத்தானது என்று சொன்னார்கள். அதாவது தொடக்கத்தில் மூடியது நியாயமே. அதே 2011 மே மாதம் ஐஸ்லாந்தில் கிரிம்ஸ்வோட்ன் என்ற எரிமலை இன்னும் பெரிதாக வெடித்தது. அயர்லாந்தில் இருந்த ஒபாமா ஒரு நாள் முன்னதாகவே லண்டனுக்குக் கிளம்பினார். ஆனால் ரத்தான விமானங்கள் சுமார் 900 மட்டுமே. காற்றும் கைகொடுத்தது, புது அளவுகோலும் கைகொடுத்தது.

இன்னும் பின்னோக்கிப் போனால், 1783 ஜூனில் இதே ஐஸ்லாந்தில் லாகி என்ற இடத்தில் பூமி பிளந்து எட்டு மாதம் நெருப்பைக் கக்கியது. நச்சு வாயுவில் ஆடு மாடுகள் மடிந்தன. பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தார்கள். ஐரோப்பா முழுக்க ஒரு விசித்திர மூடுபனி படர்ந்தது. அப்போது பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், இதற்கு ஐஸ்லாந்து எரிமலை காரணமாக இருக்கலாம் என்று எழுதி வைத்தார். அந்த மக்களின் துன்பத்தோடு ஒப்பிட்டால், விமான நிலையத் தரையில் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்தது பெரிய துன்பமா என்று எனக்குத் தோன்றும்.

ஆனாலும் அங்கே படுத்தவர்களுக்கும் உரிமை உண்டு. ஐரோப்பா போகிற நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற விதி 2005 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. விமானம் ரத்தானால் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அல்லது மாற்றுப் பயணம் தர வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடும், இரவு தங்க வேண்டியிருந்தால் விடுதியும் தர வேண்டும். எரிமலை போன்ற இயற்கைக் காரணத்தில் தனி இழப்பீடு கிடையாது. ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் கட்டாயம். 2010-இல் போர்ச்சுகலின் ஃபாரோவில் ஒரு வாரம் மாட்டிக்கொண்ட பயணி ஒருவர் ரயன் ஏர் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். 2013 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. எத்தனை நாள் ஆனாலும் கவனிக்க வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு என்றது. ஒரே ஒரு பயணி பில்களைப் பத்திரமாக வைத்திருந்து கேட்டதால் எல்லாருக்கும் தெளிவு பிறந்தது.

ஒரு நுணுக்கம் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாட்டு விமான நிலையத்திலிருந்து புறப்பட்டால் எந்த நாட்டு நிறுவனமானாலும் இந்த விதி பொருந்தும். சென்னையிலிருந்து அங்கே போகும்போது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனமாக இருந்தால்தான் பொருந்தும்.

விசா நாள் முடிந்துவிடுமே என்ற பயமும் வேண்டாம். நம் சக்திக்கு மீறிய காரணத்தால் கிளம்ப முடியாமல் போனால் ஷெங்கன் விசாவைக் கட்டணமின்றி நீட்டித்துத் தர அவர்கள் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 5. எரிமலை வெடிப்பதற்கு ஒன்பது நாள் முன்பு! ஆனால் நாமே போய்க் கேட்க வேண்டும், சும்மா இருந்துவிடக் கூடாது.

வாத்தியார் என்ற முறையில் நாலு வார்த்தை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாகக் கைப்பையில் வையுங்கள், சரக்கில் போடும் பெட்டியில் வைக்காதீர்கள். அம்மா அப்பாவைக் கூட்டிப் போனால் அவர்கள் கையிலும் கொஞ்சம் பணமும் விடுதி முகவரியும் இருக்கட்டும். எல்லா ரசீதையும் சேர்த்து வையுங்கள். ரத்துக்கு என்ன காரணம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முக்கியமாக, முகப்பில் நிற்கிற பெண்ணிடம் கத்தாதீர்கள். எரிமலையை வெடிக்க வைத்தது அவள் இல்லை. அவளுக்கும் வீடு போக நேரமாகிறது.

அந்தக் குட்டை மலையால் ஐஸ்லாந்துக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2008-இல் வங்கிகள் கவிழ்ந்து நொந்துபோயிருந்த நாடு அது. "நாங்கள் கேட்டது கேஷ், நீங்கள் அனுப்பியது ஆஷ்" என்று ஐரோப்பியர்கள் கேலி பேசினார்கள். ஆனால் உலகமே அந்த நாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்தது. 2010-இல் சுமார் 5 லட்சம் பேர் போன ஐஸ்லாந்துக்கு 2017-இல் 20 லட்சத்துக்கும் மேல் பயணிகள் போனார்கள்.

அடுத்த முறை விமானம் ரத்து என்று பலகையில் சிவப்பு எழுத்து வந்தால், உரிமையைக் கேளுங்கள், சாப்பாட்டைக் கேளுங்கள், காரணத்தையும் கேளுங்கள். பாதுகாப்புக்காக நிறுத்தினோம் என்று பதில் வந்தால், யாரோ ஒருவர் ஏச்சு வாங்கத் துணிந்து உங்களைத் தரையில் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஒரு காபி குடியுங்கள். பத்து மணி நேரம் தாமதமாக வீடு வந்தாலும் வந்து சேர்ந்தால் போதும் எங்களுக்கு.

எல்லாரும் நல்லபடியாகப் போய், நல்லபடியாகத் திரும்பி வாருங்கள். இதே போல் எங்காவது மாட்டிய அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்